கேமரா முன்னால் 80-இல்தான் போனேன், பிறகு எப்படி 112 என்று சலான் வந்தது?

மார்த்தாண்டத்துக்காரத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. வெளிமாநிலத்தில் வேலை. விடுமுறைக்குக் காரில் ஊருக்குக் கிளம்பியவர், அங்குள்ள ஆறுவழிச் சாலை ஒன்றில் தலைக்கு மேலே கேமராவைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து 80-க்கு இறக்கியிருக்கிறார். அடுத்த கேமராவிலும் அப்படியே. பத்து நாள் கழித்து சலான் வந்திருக்கிறது: வேகம் 112, அனுமதி 100. "கேமரா பழுதா, இல்லை சும்மா எழுதி விடுகிறார்களா, கேஸ் நடத்தலாமா?" என்று கேட்கிறார். கூடவே, இந்த மாதிரிக் கேமரா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு துணைக்கேள்வி.

வளைகுடா நாடு ஒன்றில் பதினோரு வருஷம் இந்தக் கருவிகளைப் பொருத்தி, அளந்து, சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். இப்போது நாகர்கோவிலில் சும்மா இருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுகிறேன். உங்களைப் பிடித்த கேமரா உங்கள் வேகத்தை அளக்கவே இல்லை. அதற்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. அது மணி பார்த்தது, அவ்வளவுதான். முதல் கேமராவுக்குக் கீழே இந்த நம்பர் வண்டி எத்தனை மணிக்குப் போனது, இரண்டாவது கேமராவுக்குக் கீழே எத்தனை மணிக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பது முன்பே அளந்து வைத்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். ஆறாம் வகுப்புக் கணக்குதான். நீங்கள் கேமராவுக்கு அடியில் 80-இல் போனீர்களா, மாட்டுவண்டி மாதிரிப் போனீர்களா என்பது அதற்குத் தேவையே இல்லாத சங்கதி.

திருமலைக்குக் காரில் போனவர்களுக்கு இது புதிதல்ல. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நேரம் போட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பாதை முடியும் இடத்தில் அதை வாங்கிப் பார்ப்பார்கள். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்பது கணக்கு. அதற்கு முன்னால் வந்து நின்றால் அபராதம். இந்தக் கணக்குக்குக் கேமராவும் வேண்டாம், ரேடாரும் வேண்டாம். ஒரு கடிகாரமும் காகிதமும்தான். உங்களுக்கு வந்த சலானும் அதே சீட்டுதான், காகிதத்துக்குப் பதிலாக நம்பர் பிளேட்.

இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால், வடசேரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரைப் பாருங்கள். எந்த டிரைவர் எவ்வளவு விரட்டினார் என்று அவர் ரோட்டில் போய்ப் பார்ப்பதில்லை. தக்கலையில் இத்தனை மணிக்குக் கிளம்பிய வண்டி இங்கே இத்தனை மணிக்கு வந்து நிற்கிறதென்றால், நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நோட்டைப் பார்த்தே சொல்லி விடுவார்.

சரி, கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: தூரம், மணி, நம்பர்.

தூரம் அளப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முதல் தடவை நான் போனபோது, குடை மாதிரிக் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சக்கரம் உருள உருள மீட்டர் ஓடும். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பக்கம் ரோட்டை அடைத்துவிட்டு, பின்னால் விளக்கு போட்ட வண்டி காவலுக்கு வர, அதை உருட்டிக்கொண்டே நடப்போம். ஆறு கிலோமீட்டர். அப்புறம் திரும்ப ஒரு தடவை. அதற்குப் பிறகு செயற்கைக்கோள் உதவியோடு அளக்கும் கருவியை வண்டியில் கட்டி ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. வளைவு வந்தால் உள்பக்க ஓரத்தை ஒட்டித்தான் அளப்போம், அதாவது ஒரு வண்டி போகக்கூடிய மிகக் குறுகிய பாதை. நீங்கள் வெளிப்பக்க லேனில் போயிருந்தால் உண்மையில் அதைவிட அதிக தூரம் ஓடியிருப்பீர்கள். முழு செங்கோணத் திருப்பம் ஒன்றில் ஏழு மீட்டர் வெளியே தள்ளிப் போனால் 11 மீட்டர் கூடுதல். அந்த 11 மீட்டரும் உங்கள் கணக்கில் ஏறாது. குறைந்த தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் வேகமும் குறைவாகத்தான் வரும். எப்போது சந்தேகம் வந்தாலும் அது ஓட்டுநருக்குச் சாதகமாகப் போக வேண்டும் என்பது இந்த வேலையில் முதல் பாடம்.

மணி. ஒவ்வொரு கம்பத்திலும் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும், வழி காட்ட அல்ல, மணி பார்க்க. செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். கீழே உள்ள கருவி அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். இரண்டு கேமராவும் ஒரே அளவு தப்பாக ஓடினால்கூடப் பரவாயில்லை என்பதைக் கவனியுங்கள். நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான். இரண்டும் பத்து நிமிஷம் பிந்தி ஓடினாலும் வித்தியாசம் மாறாது.

நம்பரைப் படிப்பதுதான் உண்மையான வேலை, தொல்லையும் அங்கேதான். கேமராவோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். நம்பர் பிளேட்டில் ஒட்டியிருக்கும் தாளுக்கு ஒரு குணம் உண்டு. எங்கிருந்து வெளிச்சம் வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும். ராத்திரி கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தால் கார் தெரியாது, டிரைவர் தெரியாது, ரோடும் தெரியாது. கறுப்புக்குள் ஒரு வெள்ளைச் செவ்வகம் மட்டும் மிதந்து வரும், அதில் எழுத்து. முதல் நாள் பார்த்தபோது கொஞ்சம் திகிலாக இருந்தது எனக்கு. அந்தச் செவ்வகத்தை வெட்டியெடுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து, இது T, இது N, இது 7, இது 5 என்று மென்பொருள் படிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனக்கு எவ்வளவு உறுதி என்றும் குறித்து வைக்கும்.

2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி எழுத்தும், மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராமும், நீல நிறத்தில் IND-யும் போட்ட பிளேட் கட்டாயமானதற்குத் திருட்டு ஒரு காரணம். கருவி தடுமாறாமல் படிக்க முடிகிறது என்பது கூடவே கிடைத்த லாபம். நம்ம ஊரில் 8055 என்பதை BOSS மாதிரி எழுதுகிறவர்களும், தலைவர் படத்தை ஓரத்தில் வைப்பவர்களும், சாய்வெழுத்தில் கலை காட்டுபவர்களும் போலீசை மட்டுமல்ல, இந்த மென்பொருளையும் சேர்த்தே படுத்துகிறார்கள். கேமரா கண்ணில் மண்ணைத் தூவ அதைச் செய்கிறவர்களும் உண்டு. அது தனிக் குற்றம், சொல்லி வைக்கிறேன்.

படிப்பதில் தப்பு வந்தால் என்ன ஆகும்? 8-ஐ B என்று படித்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முதல் கேமராவில் ஒரு மாதிரியும் இரண்டாவதில் வேறு மாதிரியும் படித்தால் ஜோடி சேராது, கணக்கே விழாது. நீங்கள் தப்பித்தீர்கள், அவ்வளவுதான். ஒற்றைக் கேமராவில் இந்த வசதி இல்லை; அங்கே ஒரு தடவை தப்பாகப் படித்தால் வேறொருவர் வீட்டுக்குச் சலான் போகும். இங்கே இரண்டு இடத்திலும் ஒரே தப்பு நடக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு படத்தையும் ஒரு ஆள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே தப்பான ஆளுக்குச் சலான் போனால் பெரும்பாலும் காரணம் கேமரா இல்லை. உங்கள் நம்பரை வேறு எவனோ தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறான் என்று அர்த்தம்.

"அதெல்லாம் சரி, சராசரி எனக்கு எதிரான சாட்சியாகுமா? நான் எந்த இடத்தில் 100-ஐத் தாண்டினேன் என்று அவர்களால் காட்ட முடியாதே" என்று ஒரு வாதம் எல்லா ஊரிலும் வரும். எங்கே என்று காட்ட முடியாதுதான். ஆனால் தாண்டினீர்கள் என்பதில் மறுப்பே இல்லை. 100-ஐ ஒரு நொடிகூடத் தாண்டாத ஒருவரின் சராசரி 112 ஆகவே முடியாது. வகுப்பில் யாருமே 60-க்கு மேல் எடுக்காமல் வகுப்புச் சராசரி 70 வருமா? பன்னிரண்டாம் வகுப்பில் லெக்ராஞ்சி தேற்றம் என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? எதற்கென்றே தெரியாமல் எழுதிப் பத்து மார்க் வாங்கினோமே, அது இதற்குத்தான். இரண்டு புள்ளிக்கு நடுவே சராசரி 112 என்றால், ஏதோ ஒரு கணத்தில் முள் மிகச்சரியாக 112-இல் இருந்தே தீர வேண்டும். உண்மையில் இந்த முறை உங்களுக்குச் சலுகைதான் தருகிறது, ஏனென்றால் நீங்கள் போன உச்ச வேகம் ஒருபோதும் சராசரியைவிடக் குறைவாக இருக்க முடியாது.

உங்கள் சலானையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய படத்தில் தூரம் 8.4 கிலோமீட்டர், நேரம் 4 நிமிடம் 30 நொடி என்று இருக்கிறது. 270 நொடி. கணக்குப் போட்டால் மணிக்கு 112. சரியாகத்தான் இருக்கிறது. 100-இல் போயிருந்தால் 302 நொடி ஆகியிருக்கும். நீங்கள் 32 நொடி முந்தி வந்து விட்டீர்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் பக்கத்தில் 400 மீட்டர் 80-இல் போனதாகச் சொல்கிறீர்கள். நம்புகிறேன். அந்த 800 மீட்டருக்கு 36 நொடி. மிச்சம் 7.6 கிலோமீட்டரை 234 நொடியில் கடந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் நடுவில் சராசரி 117. "கொஞ்சம் மிதித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கொஞ்சம் இதுதான். காரில் உள்ள மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் கம்பெனிகள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே செய்து அனுப்புகின்றன. ஆக உங்கள் முள் 120-ஐத் தொட்டிருக்கும், இல்லை தாண்டியிருக்கும். பெரிய டயர் மாற்றிய வண்டி என்றால் மட்டும் கதை வேறு. அதில் மீட்டர் குறைவாகக் காட்டும், நீங்கள் நல்ல பிள்ளையாகப் போவதாக நினைத்துக்கொண்டே மாட்டுவீர்கள்.

பிழை எவ்வளவு இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். படம் எடுக்கும் இடத்தில் பத்து மீட்டர் முன்பின் ஆனாலும் 8,400-இல் பத்து. 112 என்பது 111.9 ஆகலாம். மணியில் ஒரு முழு நொடியே தப்பினாலும், அப்படித் தப்பாது, அரைக் கிலோமீட்டர்கூட மாறாது. தூரம் கூடக் கூடப் பிழை கரைந்து போகும். குறைந்த தூரத்தில்தான் ஆபத்து. 200 மீட்டர் இடைவெளியை 80-இல் கடக்க 9 நொடிதான் ஆகும். அங்கே பத்தில் ஒரு நொடி பிசகினால்கூட ஒரு விழுக்காட்டுக்கு மேல் தள்ளி விடும். அதனால் சலானில் தூரம் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். உங்களுடையது அப்படி இல்லை.

இந்தக் கணக்கு ரேடார் கேமராவுக்கு முந்தியது என்பது பலருக்குத் தெரியாது. நெதர்லாந்தில் மௌஸ் கட்சோனிடஸ் என்று ஒரு கார் பந்தய ஓட்டுநர். 1953-இல் மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தவர். வளைவில் தான் எவ்வளவு வேகமாகப் போகிறோம், இன்னும் கூட்டலாமா என்று தெரிந்துகொள்ள ஒரு கருவி செய்தார். ரோட்டின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய். முதல் குழாயில் டயர் ஏறினால் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் ஏறினால் நிற்கும். 1958-இல் அதற்காகக் கம்பெனியே தொடங்கினார், போலீஸ் வாங்கிக்கொண்டது. இன்னும் வேகமாகப் போக ஒருவர் செய்த கருவி உலகத்தையே மெதுவாகப் போக வைத்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்புறம்தான் ரேடார் வைத்த ஒற்றைக் கேமரா வந்தது. வந்ததும் உலகம் முழுக்க ஓட்டுநர்கள் நீங்கள் செய்ததையே செய்தார்கள்: கேமராவைக் கண்டால் பிரேக், தாண்டினதும் மிதி. கங்காரு குதிப்பது மாதிரி. திடீர் பிரேக்கில் பின்னால் வருகிறவன் வந்து முட்டுவான், அது தனி விபத்து. அந்தக் குதியை நிறுத்தத்தான் பழைய இரண்டு குழாயை மறுபடி எடுத்துப் பல கிலோமீட்டருக்கு இழுத்துப் பிடித்தார்கள். வியன்னாவில் ஒரு சுரங்கப் பாதையில் 2003-இலும், இத்தாலி நெடுஞ்சாலைகளில் 2005-இலும் வந்தது. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் முதல் இன்வர்னஸ் வரை நீளும் ஏ9 சாலையில் 2014-இல் வைத்தார்கள். பிரிட்டனில் இப்படிக் கேமரா வைத்த சாலைகளை 2016-இல் ஆராய்ந்து பார்த்தபோது, உயிர்போகிற, படுகாயம் படுகிற விபத்துகள் 36 விழுக்காடு குறைந்திருந்தன. இந்தியாவில் மும்பை–புனே விரைவுச்சாலையில் 2024-இல் இந்த ஏற்பாடு செயல்பாட்டுக்கு வந்தது.

இதை ஏய்க்க முடியாதா? முடியும். நடுவில் டீ குடித்தால் போதும். 140-இல் பறந்துபோய், அடுத்த கேமராவுக்கு முன்னால் ஓரங்கட்டி, ஒரு டீயும் பழம்பொரியும் முடித்துவிட்டுக் கிளம்பினால் சராசரி 60-க்கு வந்து விடும். திருமலையில் கடைசி வளைவுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்களே, யாருக்கும் வண்டி சூடாகவில்லை, மணிக்காகக் காத்து நிற்கிறார்கள். இதை இந்த முறையின் ஓட்டை என்பார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வேகமாகப் போவது சீக்கிரம் போய்ச் சேர. மிச்சம் பிடித்த நேரத்தை டீக்கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் நாலாவது தடவை எவனும் மிதிக்க மாட்டான்.

லேன் மாறினால் தப்பிக்கலாம் என்பது சும்மா பேச்சு. ஜோடி சேர்ப்பது நம்பரை வைத்து, லேனை வைத்து அல்ல. பைக்கில் முன்னால் பிளேட் மறைந்திருந்தால் தப்பலாம் என்பதும் முழு உண்மையில்லை, பின்பக்கமாகப் படம் எடுக்கும் கேமராவும் வைப்பார்கள்.

இனி நம்ம மாவட்டத்துக் கதை.

களியக்காவிளையில் இருந்து குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி வழியாக நாகர்கோவில் வரும் பழைய ரோட்டில் இதை வைத்தால் அரசுப் பணம் வீண். அங்கே ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று நமக்கே தெரியாது. ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஒரு டாரஸ் லாரி, அதற்குப் பின்னால் முப்பது கார். மார்த்தாண்டத்தில் பத்து நிமிஷம் நின்றவன், வில்லுக்குறி தாண்டி 90-இல் விரட்டினாலும் மொத்தச் சராசரி 30-ஐத் தாண்டாது. கேமரா அவனுக்கு நல்ல பிள்ளைச் சான்றிதழ் கொடுக்கும். சராசரியின் பலவீனமே இதுதான்: நின்ற நேரம் ஓடிய வேகத்தை மறைத்து விடும். வழியில் நிற்கத் தேவையில்லாத, நடுவில் கிளைச்சாலை குறைவாக உள்ள நீளமான துண்டுதான் இதற்கு ஏற்றது.

அப்படிப் பார்த்தால் மார்த்தாண்டத்திலேயே ஒரு துண்டு கண்முன்னால் நிற்கிறது. 2018-இல் திறந்த மேம்பாலம், சுமார் இரண்டரை கிலோமீட்டர். குழித்துறைப் பக்கம் ஏறினால் பம்மத்தில்தான் இறங்க முடியும். மேலே டீக்கடை கிடையாது, சிக்னல் கிடையாது, யாருக்கும் நிற்க வேலை இல்லை. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கேமரா போதும். 40 தான் எல்லை என்று வைத்துக்கொண்டால் 3 நிமிடம் 45 நொடிக்கு முன்னால் இறங்கக் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பாலத்தில் பைக் ரேஸ் மாதிரிப் போகிற பையன்கள் ஒன்றரை நிமிஷத்தில் இறங்குவார்கள். மீட்டரே தேவையில்லை, கீழே கடை திண்ணையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லலாம். நான் ஒரு தடவை அப்படி உட்கார்ந்து பார்த்தேன், வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை.

அடுத்து, காவல்கிணறு தாண்டிக் கன்னியாகுமரிக்கு வரும் நால்வழிச் சாலை, ஸ்ரீநகரில் தொடங்கும் என்எச் 44-இன் கடைசித் துண்டு. விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டெம்போ டிராவலரும் காரும் சூரிய உதயத்தைத் தவற விடக் கூடாதென்று கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரைப் பறந்து கடக்கும். டிரைவர் கண்ணில் தூக்கம், பின்சீட்டில் "அண்ணே, நேரமாச்சு, மிதிங்க" என்று ஒரு குரல். 80-க்குப் பதில் 100-இல் போனால் பத்து கிலோமீட்டரில் மிச்சமாவது ஒன்றரை நிமிஷம். ஆனால் முட்டினால் இடியின் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்தத் துண்டுக்குச் சராசரிக் கேமரா கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லி விடுகிறேன்: அங்கே எதிர்த்திசையில் வருகிற பைக்கையும், நடுத்திட்டு இடைவெளியில் திடீரென்று குறுக்கே திரும்பும் ஆட்டோவையும் இந்தக் கேமரா கண்டுகொள்ளாது. அதற்கு வேறு வைத்தியம் வேண்டும்.

ஆரல்வாய்மொழி வழியாகப் போகும் ரோட்டில், ஆடி மாசக் காற்றில் கம்பம் ஆடினால் அளவு தப்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முப்பந்தல் காற்று எப்படி என்று எனக்கும் தெரியும், காற்றாலையை நட்டதே அதற்குத்தானே. கம்பம் ஒரு ஜாண் ஆடினாலும் எட்டு கிலோமீட்டர் கணக்கில் அது தூசி. படம் கலங்கினால் படிக்க முடியாமல் போகலாம், அவ்வளவுதான். எங்களுக்குக் காற்றைவிட உப்புதான் எதிரி. கடற்கரை ஓரம் சாதாரண இரும்புப் போல்ட் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் துருவாக உதிர்ந்து கையில் வரும், கண்ணாடியில் உப்புப் படிந்து ராத்திரி எல்லாப் பிளேட்டும் நிலா மாதிரி மங்கும். நமக்கோ வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். வைத்தால் மட்டும் போதாது, துடைக்க ஆள் வேண்டும்.

லாரிகளைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அளவுப்படி நால்வழிச் சாலையில் காருக்கு 100, சரக்கு வண்டிக்கும் பைக்குக்கும் 80. மாநிலம் இதைக் குறைக்கலாம். ஆகவே கருவி நம்பரை மட்டும் படித்தால் போதாது, அது என்ன வண்டி என்று பதிவேட்டில் தேடவும் வேண்டும். நம்ம பக்கம் ஓடும் கல் லாரிகளின் பின்பக்கப் பிளேட்டைப் பாருங்கள். பாறைப்பொடியும் சேறும் அப்பி, TN-ஆ KL-ஆ என்று மனுஷனுக்கே தெரியாது. அதைத் துடைக்க வைக்காமல் எந்தக் கேமராவும் லாரியைப் பிடிக்கப் போவதில்லை. பிடிபடுவது உங்களை மாதிரிப் பளிச்சென்று பிளேட் வைத்தவர்கள்தான். இதில் உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமானது.

கேரளா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூன் 5-இல் அங்கே தொடங்கிய திட்டத்தின் 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், போன் பார்ப்பவை. எல்லையைத் தாண்டியதும் எல்லாக் கம்பமும் வேகம் பார்க்கிறது என்று பிரேக் மேல் பிரேக் போட வேண்டாம். பெல்ட் போடுங்கள்.

இப்போது சட்டம். கேமரா சாட்சியத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 136ஏ என்று பிரிவு உண்டு. அதற்கான 167ஏ விதி 2021 ஆகஸ்டில் வந்தது. அதன்படி, கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முன்னால் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சலானில் நம்பர் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம் எல்லாம் வேண்டும். உங்களுக்குப் பத்து நாளில் வந்து விட்டது, படம் இரண்டும் தெளிவு, இரண்டிலும் உங்கள் கார்தான், கணக்கும் சரி. இவற்றில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் வழக்காடலாம், நானே துணைக்கு வருவேன். இதில் வேலையில்லை. இலகுரக வண்டிக்கு ஆயிரத்தில் இருந்து இரண்டாயிரம், கட்டி விடுங்கள். மறுபடி மாட்டினால் லைசென்சைப் பிடித்து வைக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே சட்டத்தில் வேகத்துக்குத் தண்டனை சொல்லும் 183-ஆம் பிரிவின் நாலாவது உட்பிரிவை ஆறுதலாக ஒருமுறை படியுங்கள். இத்தனை நேரத்துக்குள் இந்தத் தூரத்தை முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை போட்டோ, வாயால் உத்தரவிட்டோ இருந்து, அதை வேக எல்லையை மீறாமல் முடிக்கவே முடியாது என்று கோர்ட் கருதினால், அட்டவணை போட்டவர் குற்றம் செய்ததற்கு அதுவே முதற்கட்டச் சான்றாகும். தூரம், நேரம், வகுத்தல்: கேமராவின் அதே கணக்கு, 1988-லேயே காகிதத்தில் இருக்கிறது, அதுவும் முதலாளிக்கு எதிராக. மினி பஸ் டிரைவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துவது உண்டு. ஒற்றைக் கேமரா தப்புச் செய்தவனை மட்டும் படம் பிடிக்கும். இது ஒழுங்காகப் போகிறவனையும் சேர்த்து எல்லோரையும் குறித்து வைத்த பிறகுதான் யார் தப்பு என்று பார்க்க முடியும். ஜெர்மனியில் ஹனோவர் பக்கம் 2.2 கிலோமீட்டர் துண்டில் இதை வைத்தபோது, சட்டத்தில் இடமில்லாமல் எல்லார் நம்பரையும் எப்படிக் குறிக்கலாம் என்று 2019-இல் கோர்ட் நிறுத்தி வைத்தது. அந்த மாநிலம் சட்டம் திருத்திய பிறகுதான் அதே வருஷம் மறுபடி ஓட விட்டார்கள். நாங்கள் வேலை பார்த்த இடத்தில், எல்லைக்குள் போன வண்டியின் குறிப்பு இரண்டாவது கேமரா தாண்டியதும் தானாக அழிந்து விடும்படி அமைத்திருந்தோம். நம்ம ஊரில் வைக்கும் நாளில் அந்த அழிப்பு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன், கேமராவின் விலையை அல்ல.

உங்கள் அடுத்த பயணத்துக்கு: போனில் மேப் போட்டால் பல கேமராக்களைக் காட்டும், ஆனால் எது ஒற்றை, எது ஜோடி என்று பெரும்பாலும் சொல்லாது. பலகையில் 'சராசரி வேகம்' என்று போட்டிருந்தால் ஜோடி. அங்கே முள்ளை 95-இல் வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வாருங்கள். மார்த்தாண்டம் பாலம் வந்தால் மணி பார்த்து ஏறி, மணி பார்த்து இறங்குங்கள். எத்தனை நிமிஷம் ஆனது என்று எனக்கும் சொல்லுங்கள்.